ஐந்து வயது மகளோடு துலிப் பார்க்கப் போனேன், அழுகையில் முடிந்தது

கத்தரிப்பூ
ஏப்ரல் 23, இரவு 10:40

இன்றைக்கு மகளின் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள், அவளுக்கு விடுமுறை. நானும் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு லிஸ்ஸே ஊரில் இருக்கிற கூக்கன்ஹோஃப் தோட்டத்துக்குத் துலிப் பார்க்கப் போய் வந்தேன். நாங்கள் இருப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் பக்கம். நான்கு வருடமாக "இந்த வருடம் கட்டாயம்" என்று சொல்லிச் சொல்லியே மே மாதம் வந்துவிடும்.

ரயிலில் லெய்டன், நிலையத்துக்கு வெளியே 854 பஸ், அவ்வளவுதான். கூக்கன்ஹோஃப் என்றால் சமையல்கட்டுத் தோட்டம் என்று பஸ்ஸில் கதை சொல்லிக்கொண்டு போனேன். 15-ம் நூற்றாண்டில் யாக்கோபா என்ற கோமகளின் கோட்டைச் சமையலுக்குக் கீரையும் மூலிகையும் போன இடம் அது. அந்தக் கதை எனக்கே வினையாகிவிட்டது. உள்ளே நுழைந்த நிமிடத்திலிருந்து "கொத்தமல்லி எங்கே?" என்று ஒரே நச்சரிப்பு.

பெரியவர்களுக்கு அந்த இடம் கண்கொள்ளாக் காட்சிதான், அதில் சந்தேகமே இல்லை. 32 ஹெக்டேர், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஏறக்குறைய 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். ஒரே குழியில் அடுக்கடுக்காக நடுவார்களாம், மேலே குரோக்கஸ், அதன் கீழே சீக்கிரம் பூக்கும் துலிப், அடியில் தாமதமாகப் பூப்பது. ஒன்று முடிய முடிய அடுத்தது எழும்பி வருவதால்தான் மார்ச் கடைசி வாரத்திலிருந்து மே நடுவரை எட்டு வாரமும் வெறும் மண் தெரிவதில்லை. ஹயசிந்த் பாத்தி பக்கம் போனதும் என் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு "யாரோ குளிக்கிறாங்க" என்றாள். சோப்பு வாசனைதான், உண்மை. நாற்பது நிமிடத்தில் பூ போதும் என்றாகிவிட்டது. அப்புறம் ஆடு, கோழி இருக்கிற இடம், விளையாட்டுத் திடல், வேலிச்செடியில் வளைந்து வளைந்து போகும் புதிர்ப்பாதை, இவற்றிலேயே மூன்று மணி நேரம். நடுவில் ஆலங்கட்டி மழை வேறு. வெயில் அடிக்கிறதே என்று கம்பளித் தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த புத்திசாலி நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். மாலையில் வெளியே வந்து சாலையோரமாக வயலைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். ஒரு வயல் முழுக்கச் சிவப்பு, இன்னும் நாலு நாளைக்கு அப்படியே நிற்கும் போலிருந்த நல்ல பூ. அதில் ஒரு வண்டி ஊர்ந்து வருகிறது, பூவின் தலையை மட்டும் சீவிக்கொண்டே போகிறது, பின்னாலேயே இரண்டு பேர் தப்பித்து நிற்கும் பூக்களைக் கையால் கிள்ளுகிறார்கள். வண்டி போன இடத்தில் வெறும் பச்சைத் தண்டு. வாய்க்கால் ஓரத்தில் இடுப்புயரத்துக்குப் பூத்தலைக் குவியல். அவ்வளவுதான், ஆரம்பித்தாள் பாருங்கள் அழுகை. "அவங்க ஏன் எல்லாத்தையும் கொல்றாங்க?" கிழங்குக்காக வெட்டுகிறார்கள் என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும், ஆனால் ஐந்து வயசுக்கு அதை எப்படிச் சொல்வது? கீழே கிடந்த ஒரு தலையை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ரயிலில் விசும்பிக்கொண்டே தூங்கிப்போனாள். பை முழுக்க இப்போது கறுப்பு மகரந்தம், துவைத்தும் போகவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக் காலை மறுபடி கேட்பாள்.

மாம்பலம் மெயில்
ஏப்ரல் 24, காலை 6:15

பாவம் குழந்தை. நடுவில் என் சுயநலக் கேள்வி. அடுத்த ஏப்ரலில் சென்னையிலிருந்து வருகிறோம், மகனுக்கு அப்போது மூன்று வயது இருக்கும், கூடவே முழங்கால் வலியோடு என் அம்மா. எந்த வாரம் சரி, டிக்கெட் எவ்வளவு, தள்ளுவண்டி உருளுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா? நான்கையும் ஒன்றாகக் கேட்டதற்கு மன்னிக்கவும் அக்கா.

கத்தரிப்பூ
ஏப்ரல் 24, காலை 8:50

மார்ச் கடைசியில் வந்தால் டாஃபடிலும் குரோக்கஸும்தான், அதற்குப் பின் ஹயசிந்த், துலிப் வயல் பார்க்க ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம் வரை. குளிர் நீண்டால் தள்ளிப்போகும், வெயில் முந்தினால் முந்தும், அதனால் ஒரே நாளை நம்பிப் பயணம் போடாமல் நாலைந்து நாள் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். டிக்கெட் பெரியவர்களுக்கு 20 யூரோவைச் சுற்றி, 4 முதல் 17 வரை ஏறக்குறைய பாதி, உங்கள் பையனுக்கு இலவசம். உள்ளே நுழையும் நேரத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் வாங்க வேண்டும், தோட்டத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். நான் தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்தில் வாங்கி ஆளுக்கு எட்டு யூரோ கூடக் கொடுத்தேன், பின்னால்தான் தெரிந்தது.

பாதை எல்லாம் சமதளம், தள்ளுவண்டி வழுக்கிக்கொண்டு போகும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்தப் பரப்பை முழங்கால் தாங்காது. ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்தே நேராக 858 பஸ் இருக்கிறது. சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாம், நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பக்கத்து பெஞ்சு தாத்தா வாசனை பிடித்து விசாரித்தார்.

சைக்கிள்காரன்
ஏப்ரல் 24, மதியம் 12:30

நான் ஹார்லெமில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், இதுவரை ஒரே ஒரு தடவைதான் அந்தத் தோட்டத்துக்குள் போயிருக்கிறேன். என் கருத்து கசக்கும், ஆனாலும் சொல்கிறேன். தோட்டம் என்பது கல்யாண மண்டப அலங்காரம் மாதிரி, நட்டது எல்லாம் பார்ப்பதற்காக நட்டது. ஹார்லெமிலிருந்து லெய்டன் வரை ஹிலகோம், லிஸ்ஸே, நூர்ட்வெய்க்கர்ஹௌட் என்று வரிசையாக நிஜ வயல்கள் கிடக்கின்றன, காசே வேண்டாம். ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்து முன்னால் குழந்தை இருக்கையைப் போட்டால் 20 கிலோமீட்டரில் எல்லா நிறமும் பார்த்துவிடலாம். குழந்தை பூ பார்க்கிறதோ இல்லையோ காற்றில் பாட்டுப் பாடிக்கொண்டு வரும். கத்தரிப்பூ, உங்கள் மகள் அழுததுதான் அன்றைய பயணத்திலேயே நிஜமான இடம் என்பேன்.

பனிக்குல்லா
ஏப்ரல் 24, மதியம் 1:05

ஒன்பது வருடம் இருந்தும் உங்களுக்குக் குழந்தை இல்லை என்று இந்தப் பதிவிலிருந்தே தெரிகிறது 😄 எதிர்க்காற்றில் 20 கிலோமீட்டர், வழியில் கழிப்பறை கிடையாது, "அம்மா அவசரம்" என்றால் எந்தத் துலிப்பின் மறைவில் உட்கார வைப்பது? துலிப் முழங்கால் உயரம்கூட இல்லை. போதாததற்கு ஒவ்வொரு வயலுக்கும் வாய்க்கால்தான் வேலி. தண்ணீர் மேல் பச்சைப் பாசி படிந்து புல்தரை மாதிரியே இருக்கும். என் பையன் ஒரு தடவை இடுப்பு வரை இறங்கிவிட்டான். சின்னப் பிள்ளையோடு வயல் ஓரம் போனால் கையை விடாதீர்கள்.

சைக்கிள்காரன்
ஏப்ரல் 24, மதியம் 1:40

வாய்க்கால் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். கழிப்பறையும்தான். சரி, பாதிப் பாதி வைத்துக்கொள்வோம். காலையில் தோட்டம், அங்கேயே பழைய காற்றாலை ஒன்று இருக்கிறது, அதில் ஏறினால் பக்கத்து வயல் கோடு கோடாகத் தெரியும். கீழேயிருந்து பேட்டரியில் ஓடும் சத்தமில்லாப் படகு வாய்க்கால் வழியே வயலுக்குள் முக்கால் மணி நேரம் சுற்றிக் காட்டும். மூன்று வயதுக்கும் முழங்கால் வலிக்கும் அதுவே போதும்.

ஒன்று மட்டும் எல்லாருக்கும்: படம் எடுக்க வயலுக்குள் இறங்காதீர்கள். அது ஒருவருடைய பயிர். நெல் வயலில் செருப்போடு நடுவில் போய் நின்று படம் எடுப்போமா? செருப்பு மண்ணில் ஒட்டி நோயும் ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். போன வாரம்கூட ஒரு குடும்பம் பட்டுப்புடவையோடு நடுவரிசையில் நிற்கிறது, விவசாயி டிராக்டரில் இருந்து கத்துகிறார், இவர்கள் கையாட்டுகிறார் என்று நினைத்துத் திருப்பிக் கையாட்டுகிறார்கள். பார்த்த எனக்குக் காது சிவந்துவிட்டது. பறித்தே ஆக வேண்டும் என்றால் காசு கொடுத்துப் பறிக்கிற தோட்டங்கள் அந்த வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன.

டென்ஹாக் சித்தப்பா
ஏப்ரல் 24, இரவு 9:20

தங்கச்சி கத்தரிப்பூ, உங்கட பிள்ளையின்ர கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். 91-ல் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் இரண்டு கோடை இந்தக் கிழங்குக் கொட்டகையில்தான் வேலை செய்தேன். பூ விற்கிறவர் வேறு, கிழங்கு விற்கிறவர் வேறு. கடையில் வாங்குகிற கொத்துப்பூ பெரும்பாலும் கண்ணாடிக் கொட்டகைக்குள் வளருவது. நீங்கள் வெளியில் கண்ட வயல் கிழங்குக்கானது, பூ அவருக்கு வேண்டாத செலவு. பூவை விட்டால் அது விதை பிடிக்கப் பார்க்கும், செடியின்ர பலமெல்லாம் அங்க போய்விடும். தலையைக் கொய்தால் இலை சமைக்கிற சாப்பாடு முழுக்கக் கீழே கிழங்குக்கு இறங்கும். அதுதான் இலையில் கை வைக்க மாட்டினம், பூவை மட்டும் எடுப்பினம். இதழ் இலையில் விழுந்து ஊறினால் பூஞ்சை பிடிக்கும், அந்த நோய்க்கு இங்க "நெருப்பு" என்று பெயர், இலை சுட்டது மாதிரித்தான் இருக்கும். அதனால்தான் தலைகளையும் அள்ளிக் குவிக்கிறது. முதல் ஒரு கிழமை பூக்க விடுவதும் காரணத்தோடுதான். நிறம் மாறிப் பூத்ததையும் நோய் பிடிச்சதையும் பூவில்தான் கண்டுபிடிச்சுக் களையலாம்.

பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கோ: வாழை குலை தள்ளினால் தாய்மரம் போய்விடும், பக்கத்தில் குட்டி நிற்கும். துலிப்பும் வாழையடி வாழைதான். நட்ட கிழங்கு பூத்து முடியேக்க கரைஞ்சு போயிடும், ஆடி மாதம் கிண்டினால் அந்த இடத்தில் புதுசாக ஒரு பெரிய கிழங்கும் இரண்டு மூன்று குட்டியும் இருக்கும். பழையதின்ர மண்ணிறத் தோல் மட்டும் மிச்சம். அந்தத் தோலையும் வேரையும் உரித்து, குட்டிகளைப் பிரிக்கிறதுதான் எங்கட வேலை. நீள மேசை, இரண்டு பக்கமும் ஆக்கள், பாதிப் பேர் பள்ளிக்கூடப் பெடியள், பெட்டிக் கணக்கில் காசு. ரேடியோ அலறும், தூசு எழும்பும், பின்னேரம் மூக்கைச் சீறினால் மண்ணிறம். பிறகு அது ஓட்டைத் தட்டுகளில் உருண்டு அளவு பிரியும், சுற்றளவு 12 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் விற்பனைக்கு, சின்னது திரும்ப மண்ணுக்கு. துலிப்பை நாள் முழுக்க உரித்தால் விரல் நுனி வெடிக்கும், ஹயசிந்த் என்றால் முழங்கை வரை சொறி. நான் வெங்காயம் உரிக்கிறேன் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன், அவ "அங்கயும் வெங்காயமோ" என்று எழுதினா.

எனக்குப் பக்கத்தில் இருந்து உரித்த கிழவி ஒருத்தி ஒரு நாள் ஒரு கிழங்கைப் பாதியாகப் பிளந்து, நடுவில் இருக்கிற மஞ்சள் குருத்தை நகத்தால் எடுத்து எறிஞ்சா. ஏன் என்று கேட்டேன். இரண்டாம் உலகப்போரின்ர 44-45 குளிர்காலப் பட்டினியில் இதைத்தான் அவிச்சுத் தின்றோம், குருத்தை எடுக்காட்டி வயிறு கெடும் என்று அம்மா சொல்லித் தந்தவ, கை இன்னும் மறக்கவில்லை என்றா. சண்டைக்காலச் சாப்பாட்டுக் கதை எனக்கும் தெரியும், அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

கத்தரிப்பூ
ஏப்ரல் 24, இரவு 10:15

சித்தப்பா, இதைப் படித்துவிட்டுச் சமையலறையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். வாழைக் கதையை நாளைக்கே சொல்கிறேன். அவள் வாழை மரத்தைப் போன வருடம் ஊரில் பார்த்திருக்கிறாள், புரியும்.

ஏட்டுச்சுரைக்காய்
ஏப்ரல் 25, காலை 7:30

அடுத்த தடவை லெய்டனில் ரயில் மாறும்போது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், 1590-ல் தொடங்கியது. கிளூசியஸ் என்ற தாவர அறிஞர் 1593-ல் அங்கே வந்து நட்ட துலிப் மறு வருடம் பூத்தது. கிழங்கு வந்தது துருக்கிய சுல்தான்களின் நாட்டிலிருந்து, பெயரும் தலைப்பாகைக்கான சொல்லிலிருந்துதான். தலைகீழாகக் கவிழ்த்த தலைப்பாகை மாதிரி இருக்கிறது பாருங்கள். கிளூசியஸ் விற்க மறுத்ததால் தோட்டத்தில் திருட்டு நடந்தது என்று ஒரு கதை உண்டு.

மாம்பலம் மெயில்
ஏப்ரல் 25, காலை 9:10

ஒரு துலிப் கிழங்குக்கு ஒரு வீட்டையே எழுதிக் கொடுத்தார்கள், விலை விழுந்ததும் ஆட்கள் கால்வாயில் குதித்தார்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஷேர் மார்க்கெட் இறங்கும்போதெல்லாம் வருமே, அது நிஜமா?

ஏட்டுச்சுரைக்காய்
ஏப்ரல் 25, காலை 11:45

பாதி நிஜம். 1636-37 குளிர்காலத்தில் விலை கன்னாபின்னாவென்று ஏறியதும், 1637 பிப்ரவரியில் ஹார்லெம் ஏலத்தில் வாங்க ஆளில்லாமல் சரிந்ததும் நடந்தவை. குளிர்காலத்தில் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், அதனால் கண்ணால் பார்க்காமல் சீட்டை மட்டும் கை மாற்றினார்கள். ஆனால் நாடே திவாலானது, கால்வாயில் குதித்தது எல்லாம் பின்னால் வந்த துண்டுப் பிரசுரங்களும் கதை எழுதியவர்களும் ஊதியது. ஆவணங்களைத் தோண்டிப் பார்த்த இன்றைய ஆய்வாளர்கள், மாட்டிக்கொண்டது வசதியான வியாபாரிகளின் சின்ன வட்டம்தான் என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்போது எல்லாரும் அடித்துக்கொண்ட வெள்ளையில் சிவப்புக் கீற்று ஓடிய பூ ஒரு நோயாளிப் பூ. அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ்தான் அந்தக் கீற்றைப் போட்டது, கிழங்கு வருடா வருடம் மெலியும், அதனால் பெருக்குவதும் கஷ்டம். வைரஸ்தான் காரணம் என்பது 20-ம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. இன்றைக்கு வயலில் அப்படிக் கீறல் விழுந்த ஒரு பூவைப் பார்த்தால் விவசாயி உடனே பிடுங்கிவிடுவார்.

மாம்பலம் மெயில்
ஏப்ரல் 25, மதியம் 2:20

சூப்பர் சார், குழுவில் போட்டுவிட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொன்று. கிழங்கு வாங்கிவந்து மாம்பலத்தில் மாடித்தோட்டத்தில் போட்டால் வருமா? அம்மா ஆசைப்படுகிறார்.

டென்ஹாக் சித்தப்பா
ஏப்ரல் 25, மாலை 6:00

தம்பி, துலிப்புக்கு மூன்று நான்கு மாதம் நல்ல குளிர் வேண்டும், அது கிடைச்சால்தான் உள்ளுக்கிருக்கிற பூத்தண்டு நீளும். குளிர்ப்பெட்டியில் வைச்சு ஏமாற்றுகிற ஆக்கள் இருக்கினம், ஆனால் ஆப்பிள், வாழைப்பழத்தோடு வைக்கக் கூடாது, பழம் விடுகிற வாயுவில் உள்ளே பூ கருகிப்போகும். அப்படிக் குளிர வைச்சு எடுத்தாலும் சென்னை வெயிலில் இரண்டு நாள் நின்றாலே பெரிய காரியம். இன்னொன்று, ஏப்ரலில் இங்க நடுகிற கிழங்கு இருக்காது, அது மண்ணுக்குள்ள. இந்தியாவுக்குக் கொண்டுபோக அனுமதியும் பயிர் நலச் சான்றிதழும் கேட்பினம். அம்மாவுக்கு மரத்தால் செய்த துலிப் ஒன்று வாங்கிக் கொடுங்கோ, வாடாது.

பனிக்குல்லா
ஏப்ரல் 25, மாலை 6:25

இல்லாவிட்டால் ஸ்ரீநகர் கூட்டிக்கொண்டு போங்கள். தால் ஏரிக்கு மேலே மலையடிவாரத்தில் பெரிய துலிப் தோட்டம், மார்ச் கடைசியில் திறப்பார்கள், கிழங்கு வருவது இதே டச்சு நாட்டிலிருந்து. விசா செலவு மிச்சம்.

கத்தரிப்பூ
ஏப்ரல் 28, காலை 9:35

நேற்று அரசர் பிறந்தநாள், தெருவெல்லாம் ஆரஞ்சு. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் தெருவில் பாய் விரித்துப் பழைய சாமான் விற்கலாம் இல்லையா, மகளும் உட்கார்ந்து பொம்மை, புதிர் அட்டை எல்லாம் விற்று நாலரை யூரோ சம்பாதித்தாள். அதில் பத்துப் பூ உள்ள துலிப் கொத்து ஒன்று வாங்கினாள். வாழைக் கதை சொன்ன பிறகு அழுகை இல்லை, ஆனால் சந்தேகம் போகவில்லை. "அப்போ இந்தப் பூவோட கிழங்கு இப்போ எங்கே?" என்று கடைக்காரரிடமே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், நான் ஆரஞ்சுத் தோரணத்தைப் பார்த்தேன்.

ஜாடியில் வைத்த பிறகும் அது வளர்கிறது தெரியுமா? முந்தாநாள்... இல்லை, நேற்று மாலை ஜாடி விளிம்பில் நின்றது இன்றைக்கு ஒரு விரல் உயரம் கூடி, பத்தும் ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. அவள் ஜாடியைத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

கத்தரிப்பூ
நவம்பர் 9, இரவு 8:10

இழையைத் தூசு தட்டுகிறேன். இன்று பால்கனித் தொட்டியில் 15 கிழங்கு நட்டோம். கூர்முனை மேலே, கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள், ஒன்றின் பெயர் கொத்தமல்லி.

கத்தரிப்பூ
ஏப்ரல் 30, இரவு 9:00

13 முளைத்தது, இரண்டு அழுகிவிட்டன, தொட்டியில் தண்ணீர் போக ஓட்டை போதவில்லை, என் தப்பு. கொத்தமல்லி பிழைத்தது, மஞ்சள். பத்து நாள் பூத்தது. இன்று மாலை நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கைவேலைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, நேரமாச்சு, விதை பிடிச்சிடும்" என்றாள். பதின்மூன்றையும் அவளே வெட்டினாள். இலையில் கை வைக்கவில்லை. கொத்தமல்லியைக் கடைசியாக வெட்டினாள்.

மாம்பலம் மெயில்
மே 1, காலை 6:40

அக்கா, நாங்களும் போன வாரம் வந்து போனோம். அம்மா சக்கர நாற்காலியில் ராணி மாதிரி சுற்றினார், பையன் படகில் தூங்கிவிட்டான். மரத்துலிப் வாங்கியாயிற்று சித்தப்பா, ஆறு.

ஜூன் பயணி
ஜூன் 3, மாலை 4:15

வணக்கம், இழை முழுவதும் படிக்க நேரமில்லை. ஜூன் 20 வாக்கில் குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாம் வருகிறோம், இரண்டு பிள்ளைகள். லிஸ்ஸே பக்கம் போனால் துலிப் இருக்குமா?

டென்ஹாக் சித்தப்பா
ஜூன் 3, மாலை 7:50

பூ இருக்காது தம்பி. கிழங்கு இருக்கும், வாங்கோ.